பதினொரு மணிக்கு நூற்று முப்பத்தாறு

எனக்கு ஒரே இடத்தில் நிற்க வராது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போதே காலை மாற்றி மாற்றி வைத்துத் திட்டு வாங்கியவள். “இவ கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பெறந்தவ” என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். இப்படிப்பட்டவளை மருத்துவப் படிப்பின் கடைசி வருடத்தில் இரண்டு வாரம் பிரசவ அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பாதி வேலை சும்மா நிற்பதுதான். வலி வரும், போகும், மறுபடி வரும். நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று. ஜனவரி மாதம். ஜனக்புரியில் மெட்ரோ பிடித்து வந்து சேர்வதற்குள் மூக்கு மரத்துப்போகும். உள்ளே எட்டுக் கட்டில்கள் வரிசையாக இருக்கும். கட்டில்களுக்கு நடுவே திரைத்துணி உண்டு. அது எந்தக் கட்டிலையும் முழுதாக மறைத்து நான் பார்த்ததில்லை. ஒரு மூலையில் “ஜோர் லகாவோ, ஜோர் லகாவோ” என்று முக்கச் சொல்கிற சத்தம், இன்னொரு மூலையில் யாரோ யாரையோ அதட்டுகிற குரல். ஸ்வெட்டருக்கு மேல் ஏப்ரனை மாட்டிக்கொண்டு நடுவில் நாங்கள் ஆறு பேர், யார் காலிலாவது இடறிக்கொண்டு நிற்போம்.

எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு லாக்புக் இருந்தது. அதில் பத்துப் பிரசவங்கள் நிரம்ப வேண்டும். எட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். இரண்டில் கை வைத்து உதவியிருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் பணியிலிருக்கும் டாக்டர் கையெழுத்துப் போடுவார். பத்தும் நிரம்பவில்லை என்றால் இரண்டு வாரத்தையும் மறுபடி செய்ய வேண்டும், தேர்வும் தள்ளிப்போகும். கடைசி வெள்ளிக்கிழமை காலையில் என்னிடம் ஒன்பது கையெழுத்து இருந்தது.

டாக்டர் என்று நான் சொல்வது மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜூனியர் ரெசிடென்ட். ஹரியானாக்காரப் பெண், சரியாகத் தூங்கியே பல நாள் ஆனவர். எங்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்; எங்களை விட்டால் வேறு ஆளும் இல்லை. அதனால் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய், வயிற்றின்மேல் குழலை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணி, தாளில் எழுதிவிட வேண்டும். அதைச் செய்தால் நல்ல பிரசவமாக வரும்போது, “நீ கிளவுஸ் போட்டுக்கோ” என்பார்.

துடிப்பை எண்ணாகவே காட்டும் சின்ன மெஷின் ஒன்று அறையில் இருந்தது. அது எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். நாங்கள் குழலில் காதை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடி எண்ணி, நான்கால் பெருக்குவோம். ரோஹிணியிலிருந்து வருகிற என் பஞ்சாபித் தோழி முதல் நாளே எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். நேரமில்லை என்றால் எண்ணாமலே எழுதிவிடலாம். ஆனால் நான்கால் வகுபடுகிற எண்ணாகப் பார்த்து எழுத வேண்டும். 142 என்று எழுதினால் மாட்டிக்கொள்வாய், பதினைந்து நொடியில் முப்பத்தைந்தரைத் துடிப்பை எண்ணிய மகாராணி யார் என்று கேட்பார்கள் என்றாள். 136, 140, 144, இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

நான் சிரித்தேன். மறுநாளே எழுதவும் ஆரம்பித்தேன். எட்டுக் கட்டிலிலும் உண்மையாக எண்ணிக்கொண்டிருந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு எண்ணுவது சலிப்பாக இருந்தது. குனிந்து, மூச்சை அடக்கி, அந்தப் பதினைந்து நொடியை என்னால் சகிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான்காம் கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள். நர்ஸ் ஹிந்தியில் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை. ரெசிடென்ட் என்னைப் பார்த்து, “அரே மதராஸி, இங்க வா, உன் ஊர் ஆளு” என்றார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டால் சுள்ளென்று வரும். முகத்தை இறுக்கிக்கொண்டு போனேன்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். முதல் பிரசவம். கணவனுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை; பக்கத்திலேயே பாலம் என்கிற பகுதியில் ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். டெல்லிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. என் வயதுதான் அவளுக்கும், ஆனால் ஏப்ரனைப் பார்த்துவிட்டு என்னை அக்கா என்றாள். அவள் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த என் அம்மா வீட்டில் பேசுகிற பேச்சு அப்படியே. “யக்கா, இவங்க என்ன கேக்காங்கன்னே வெளங்க மாட்டேங்கு. நீங்க எங்கயும் போயிராதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க போகப்போறேன், இங்கதான் இருப்பேன்” என்றேன்.

பத்து மணிக்கு அவள் வயிற்றில் குழலை வைத்து எண்ணினேன். முப்பத்தாறு. நூற்று நாற்பத்துநான்கு என்று எழுதினேன். பதினொரு மணி வரைக்கும் அவள் தாளில் நான் எழுதியவற்றில் உண்மையாக எண்ணியது அது ஒன்றுதான்.

பத்தரை மணிவாக்கில் இரண்டாம் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு நேரம் நெருங்கிவிட்டது. மூன்றாவது குழந்தை, சட்டென்று பிறந்துவிடும். ரெசிடென்ட் அங்கிருந்தே என்னைப் பார்த்து, “இது உனக்கு. ஜல்தி சுற்றை முடிச்சிட்டு வா” என்றார். என் பத்தாவது! மூன்றாம் கட்டிலில் அவசரமாக ஏதோ ஒரு எண்ணை எழுதிவிட்டு நான்காம் கட்டிலுக்கு ஓடினேன். குழலைக் கையில் எடுத்தேன். அப்போது அவள் என் ஏப்ரனைப் பிடித்தாள்.

“யக்கா, காலையில இருந்து பிள்ள அசையவே மாட்டேங்கு. நேத்தெல்லாம் உருண்டுக்கிட்டே கெடந்துச்சு.”

“பிரசவ நேரத்துல அப்படித்தான் இருக்கும். உள்ள எடம் இருக்காதுல்ல. பயப்படாதீங்க” என்றேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. வாய் கூசாமல் சொன்னேன், கண் இரண்டாம் கட்டில் மேலேயே இருந்தது.

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழலை வயிற்றில் வைக்காமலே தாளை எடுத்து, பத்தரைக்கு 140 என்று எழுதினேன். பதினொரு மணிக்கு எனக்குக் கை ஒழியாது என்று தெரியும். அதனால் பதினொரு மணிக்கான கட்டத்திலும் 136 என்று எழுதிவைத்தேன். அப்போது மணி பத்து முப்பத்தைந்து.

இரண்டாம் கட்டிலில் பதினொன்று ஐந்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு அறையே அதிர அழுதது. ரெசிடென்ட் என்னிடம் தொப்புள்கொடியைப் பிடிக்கக் கொடுத்து, “நஞ்சு தானா வரணும், இழுக்காதே, பொறுமையா நில்லு” என்று சொல்லிவிட்டுத் தாள்களைப் பார்க்கப் போனார். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கட்டிலாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனார். நான்காம் கட்டிலுக்கு வந்ததும், “கியாரா பஜே, பதினொண்ணுக்கு ஒன் தேர்ட்டி சிக்ஸ். படியா, நல்லா இருக்கு. நடுவுல சுற்று வேண்டாம், இனி ஒரு மணிக்குப் பார்த்தாப் போதும்” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அது நான் இட்டுக்கட்டிய எண். அந்த எண்ணை நம்பி இனி ஒரு மணி வரை அவள் பக்கம் யாரும் போகப்போவதில்லை. வாயைத் திறந்து, “மேடம், அதை நான் எண்ணலை” என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் கிளவுஸைக் கழற்றிவிட்டு வெளியே போ என்பார். பத்தாவது கையெழுத்து போய்விடும். நஞ்சு வந்துவிடட்டும், முதல் வேலையாக ஓடிப்போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றேன். திரும்பிப் பார்த்தேன், நான்காம் கட்டிலில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சு வர மணி பதினொன்று இருபத்தைந்து ஆயிற்று. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை.

கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். குழலை வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன். மெதுவாக ஏதோ கேட்டது. அம்மாவின் துடிப்பாக இருக்குமோ என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அது வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். இருபத்திரண்டு. நான்கால் பெருக்கினால் எண்பத்தெட்டு. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்று.

“மேடம், நாலாம் கட்டில், எண்பத்தெட்டு” என்று கத்தினேன். அதற்குப்பின் எல்லாம் ஓட்டம்தான். மெஷின் வந்தது, அது 84 என்றது. பனிக்குடத்தை உடைத்தால் தண்ணீர் கரும்பச்சையாக வந்தது, உள்ளேயே குழந்தை மலம் கழித்திருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். அவள் தள்ளுவண்டியில் போகும்போது, “யக்கா, என்ன சொல்லுதாங்க? பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் கதவைப் பிடித்து வண்டிக்கு வழிவிட்டேன்.

கணவனிடம் கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். வெளியே வராந்தாவில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இப்பதான ஒரு சிஸ்டர் வந்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றார். அந்த சிஸ்டருக்கும் என் 136தான் ஆதாரம். “இங்க போடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. முகமூடி வைத்துக் காற்றை அழுத்தி அழுத்தி, கடைசியில் ஒரு முனகல் வந்தது. தூக்கிக்கொண்டு பச்சிளம் குழந்தைகள் வார்டான நர்சரிக்கு ஓடினார்கள்.

மத்தியானம் ரெசிடென்ட் என் லாக்புக்கை வாங்கி, பத்தாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் ‘குட்’ என்றும் எழுதினார். “பதினொரு மணிக்கு நல்லா இருந்தது, திடீர்னு விழுந்திருக்கு. நீ போய்க் கேட்கலன்னா குழந்தை போயிருக்கும்” என்றார். நான் லாக்புக்கை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஜனக்புரியில் இறங்க மறந்து துவாரகா மோர் வரை போய்விட்டேன். வீட்டில் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து நடந்தேன். அம்மா, “என்னட்டீ, பேய் அறைஞ்சவ மாதிரி அலையுத?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தை அவள் மேல் காட்டினேன்.

பிரசவ அறை வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் தினமும் நர்சரிக்குப் போனேன். மூளைப் பாதிப்பைக் குறைக்கக் குழந்தையின் உடம்பைக் குளிரவைத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். ஒரு தடவை வலிப்பு வந்தது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு நிமிடம் நிற்பேன், மாடிக்குப் போவேன், மறுபடி வருவேன். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் இந்தக் கேஸைப் பற்றிப் பேசினார்கள். பத்தரைக்கு 140, பதினொன்றுக்கு 136, பதினொன்றரைக்கு 88 என்று திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். யாராலும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது, ஒரு மாணவி விழிப்பாக இருந்தாள் என்று முடித்தார்கள். பக்கத்தில் இருந்த தோழி என் முழங்கையை இடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

அன்றே வார்டில் அவளைப் பார்க்கப் போனேன். தையல் வலியோடு சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், “யக்கா, பிள்ள அசையலன்னு உங்ககிட்ட நான் சொன்னேம்லா?” என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

“வலியில எல்லாருக்கும் ஞாபகம் கொஞ்சம் குழம்பும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எண்ணை எழுதியது அவசரத்தில் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நிதானமாக, அவள் முகத்தைப் பார்த்து, அவளுடைய தமிழிலேயே சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ரெசிடென்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, “மீட்டிங் முடிஞ்சுபோச்சு. இப்ப சொல்லி என்ன ஃபாய்தா? நானும் ஸ்டூடன்டா இருக்கும்போது எழுதியிருக்கேன். இனி எழுதாதே. போய்ப் படி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. சோர்ந்துபோனவர். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார்கள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து நிற்கிறதா, உட்காருகிறானா என்று மாதாமாதம் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவளுக்குத் தமிழில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சொன்னேன். அவள் அழவில்லை.

“அத்தை போன்ல ஏசுதாவ” என்று மாமியாரைச் சொன்னாள். “பிள்ள அசையலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா, ஊமையாவா இருந்தன்னு கேக்காவ. இவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. சொன்னேன்னுதான் நெனச்சேன். நீங்க கொழப்பம்னுட்டீங்க. அப்ப நாந்தான் சொல்லலபோல. பிள்ளைய நாந்தான் இப்படி ஆக்கிட்டேன் போலருக்கு.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஹிந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க சொன்னீங்க” என்றேன். “பத்து முப்பத்தஞ்சுக்குச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. கொழல வைக்காமயே தாள்ல நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். அன்னிக்கு ஞாபகம் குழம்பும்னு சொன்னதும் பொய்.”

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டைக் காட்டினாள்.

“அதுல எழுதுங்க.”

“எதை?”

“நான் சொன்னேன்னு எழுதுங்க.”

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனதும் அதுதான். பத்தாவது கையெழுத்தை அடித்தார்கள், ரெசிடென்டும் என்னால் திட்டு வாங்கினார், பிரசவ அறையின் இரண்டு வாரத்தையும் மறுபடி செய்தேன், தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பேனாவை எடுத்து, அன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு எழுதி, கீழே கையெழுத்திட்டேன்.

“என்ன எழுதியிருக்கீங்க? வாசிங்க” என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். “வெள்ளிக்கிழமை காலை பத்து முப்பத்தஞ்சுக்கு, குழந்தை அசையலன்னு தாய் என்கிட்ட சொன்னாங்க. நான் துடிப்பைக் கேட்டுப் பார்க்கல. பத்தரைக்கும் பதினொண்ணுக்கும் இருக்கிற எண்கள் ரெண்டும் எண்ணாம எழுதினது.”

“மொத வரிய இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள். மறுமுனையில் ஒரு வயதான குரல், “யாரு, என்ன விசயம்?” என்றது.

“வாசிங்க, இப்ப” என்றாள் என்னிடம்.

நான் முதல் வரியை வாசித்தேன். அவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கேட்டியளா அத்தை?” என்றாள்.